போராடுவோரின் ஓய்வு யார் கணக்கில்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அமெரிக்காவில் நிறவெறியை எதிர்த்து மக்களைத் திரட்டுகிற அமைப்பாளர்களுக்கு ஓய்வும் மருத்துவமும் கிடைக்கும்படி பணம் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக அங்கே வலுத்து வருகிறது. அதைப் பற்றி இன்று பேசும்படி செயற்குழு நம்மைப் பணித்திருக்கிறது. அறிவிப்பைப் பார்த்த தோழர் ஒருவர், "அடுத்த மாதம் தலையணை மாநாடா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வாரம் ஆறு நாள் பிழைப்புக்கு உழைத்துவிட்டு ஏழாவது நாளும் சங்க வேலைக்கு வருகிறவர்கள் நாம். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கூச்சம்.

ஆனால் வேடிக்கைக்காக இந்தத் தலைப்பு எடுக்கப்படவில்லை. நம் சங்கத்தின் இரண்டு முழுநேர ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு மாத ஓய்வு, அதற்கு ஒரு செலவுக் கணக்கு என்று ஒரு தீர்மானம் வருகிற பொதுக்குழுவில் வைக்கப்படுகிறது. "உறுப்பினர் கொடுத்த சந்தாவில் ஒருவர் ஊருக்குப் போய்ப் படுத்துத் தூங்குவதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வியர்வை சிந்திக் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்காத சங்கம் சங்கமே இல்லை. ஆகவே, நம்மைவிடப் பெரிய எதிரியோடு மோதிய ஒரு மக்கள் இயக்கம் இந்தக் கேள்வியை எப்படிச் சந்தித்தது என்று பார்ப்போம்.

ரயில்காரர்கள் என்பதால் ரயிலிலிருந்தே தொடங்குகிறோம். அமெரிக்காவில் புல்மன் கம்பெனி என்று ஒன்று இருந்தது. நெடுந்தூர ரயில்களில் படுக்கைப் பெட்டிகள் அந்தக் கம்பெனியுடையவை. பயணிகளுக்குப் படுக்கை விரிப்பது, பூட்ஸ் துடைப்பது, நடு இரவில் மணி அடித்தால் ஓடி வருவது எல்லாம் கறுப்பினத் தொழிலாளர்களின் வேலை. அவர்களுடைய சொந்தப் பெயரைக் கேட்க ஆள் இல்லை. முதலாளியின் பெயர் ஜார்ஜ் என்பதால் எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். ஊரெல்லாம் படுக்க மெத்தை விரித்தவர்கள் தாங்கள் கண் அசர வேண்டுமானால் புகைபிடிக்கும் அறையில் இருக்கும் சோபாவில் சாய்ந்துகொள்ள வேண்டும். முழுச் சம்பளம் பெற மாதம் 400 மணி நேரம், அல்லது 11,000 மைல். நாம் கணக்குப் பிள்ளைகள். வகுத்துப் பார்த்தால், ஒரு நாள்கூட விடுப்பு இல்லாமல் தினம் பதின்மூன்று மணிக்கு மேல் ஆகிறது.

1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1937-இல் கம்பெனி கையெழுத்துப் போட்டது. சம்பள உயர்வு கிடைத்தது. மாதம் 400 மணி நேரம் 240 ஆகக் குறைந்தது. சம்பள உயர்வைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். குறைந்துபோன அந்த 160 மணி நேரத்தைப் பாருங்கள். உறங்கவும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவும் கூட்டத்துக்குப் போகவும் கிடைத்த நேரம் அது. அந்தத் தொழிலாளர்களில் ஒருவர்தான் அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் இருந்த ஈ.டி. நிக்சன். 1955 டிசம்பர் 1 அன்று பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். மறுநாள் ஊர்ப் பெரியவர்களின் ஆலோசனைக் கூட்டம் நடந்தபோது அவர் ஊரில் இல்லை. டியூட்டியில் ரயிலேறிப் போய்விட்டார். ஷிப்டு மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் சங்கக் கூட்டத்தைத் தவறவிட்ட அனுபவம் இந்த அறையில் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும்.

ரோசா பார்க்ஸ் களைத்துப்போனதால் எழுந்திருக்கவில்லை என்று பள்ளிக்கூடப் பாடங்களில் எழுதி வைத்தார்கள். அவர் அதை மறுத்தார். கால் வலி காரணமில்லை, அடங்கிப் போனதுதான் அலுத்துவிட்டது என்று விளக்கினார். அதற்கு நாலு மாதம் முன்னால் டென்னசி மாநிலத்தில் ஹைலேண்டர் என்ற தொழிலாளர் கல்விப் பள்ளியில் இரண்டு வாரம் தங்கியிருந்தார். வர்ஜீனியா டர் என்ற வெள்ளைக்கார அம்மையார் முயற்சி எடுத்து ஏற்பாடு செய்தார். உதவித் தொகையும் கிடைத்தது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டார்கள். காலையில் வெள்ளையர் சமைக்கிற உணவின் வாசனையோடு கண் விழித்தது தமக்கு எவ்வளவு பெரிய சுகமாக இருந்தது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பெயருக்கு அது பயிற்சி முகாம். பகலெல்லாம் தையல் வேலை, மாலையில் சங்க வேலை என்று இருந்த ஒரு பெண்ணுக்கு அவமானம் இல்லாத பதினைந்து நாள் கிடைத்தது. அந்தச் செலவை யாரோ ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்தது என்ன? பஸ் பகிஷ்காரம் 381 நாள் நடந்து வென்றது. ரோசா பார்க்ஸுக்கு 1956 ஜனவரியில் வேலை போயிற்று. கணவரும் தம் சவரத் தொழிலாளி வேலையை விட வேண்டி வந்தது. மிரட்டல், தூக்கமின்மை, வயிற்றுப் புண். 1957-இல் ஊரை விட்டே டெட்ராய்ட் போனார்கள். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஒரு பெண்மணி மருத்துவக் கடனில் தத்தளித்தார். 1965-இல் ஜான் கானியர்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை கிடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார். ஹைலேண்டரில் அவருக்குப் பாடம் நடத்திய செப்டிமா கிளார்க் நாற்பது ஆண்டு ஆசிரியை. கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதற்காக 1956-இல் தெற்குக் கரோலினாவில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், பென்ஷனும் போயிற்று. அது திரும்பக் கிடைக்க 1976 ஆயிற்று. பிராவிடண்ட் பண்டு சீட்டைப் பத்திரமாக மடித்து வைக்கிற நமக்கு அந்த இருபது ஆண்டின் கனம் தெரியும்.

மான்ட்கோமரிப் போராட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவலும் கேக்கும் சமைத்து விற்று, அந்தக் காசைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் பெண்கள் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்று பதில். அதையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் இட்லி அவித்துக் கூடை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் தாய்மார்களுக்கு இது புதுக் கதை இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து 1964-க்கு வருவோம். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு என்ற இளைஞர் அமைப்பு மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க இறங்கியது. முழுநேர ஊழியருக்கு வாரச் சம்பளம் 10 டாலர். வரி போக 9 டாலர் 64 காசு. அந்தக் கோடையில் சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களைக் கொன்று மண்ணணைக்குள் புதைத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் தீயிலோ குண்டிலோ அழிந்தன. ராபர்ட் கோல்ஸ் என்ற மனநல மருத்துவர் இந்த இளைஞர்களோடு பழகி, அவர்களிடம் கண்ட சோர்வைப் பற்றி அதே ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். போர்முனையில் நெடுநாள் நின்ற சிப்பாய்க்கு வருகிற தளர்ச்சியோடு அதை ஒப்பிட்டார். மனம் இருண்டு போவது, கூட இருக்கிற தோழர் மேலேயே எரிந்து விழுவது. கோழைத்தனம் என்றோ துரோகம் என்றோ நாம் அவசரப்பட்டுப் பெயர் சூட்டுகிற பல காரியங்களுக்கு வைத்தியர் வேறு பெயர் வைத்திருக்கிறார்.

ஆகஸ்டில் பாடகர் ஹாரி பெலஃபான்டே, நடிகர் சிட்னி பாய்ட்டியரையும் கூட்டிக்கொண்டு, சுமார் 70,000 டாலர் ரொக்கத்தை மிசிசிப்பி கிரீன்வுட் ஊருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். போராட்டத்துக்குப் பணம் கொடுப்பது பலரும் செய்கிற காரியம். அதோடு அவர் நிற்கவில்லை. இவர்கள் இப்படியே போனால் விழுந்துவிடுவார்கள் என்று கண்டு, செப்டம்பரில் பதினொரு பேரை மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். சுமார் மூன்று வாரம். கினி அரசின் விருந்தாளிகளாகக் கொனாக்ரி நகரில் தங்கினார்கள்.

அந்தப் பதினொருவரில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். குத்தகை விவசாயக் குடும்பத்தில் இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. வாக்காளராகப் பதியப் போனதற்காகப் பதினெட்டு ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து 1962-இல் துரத்தப்பட்டவர். 1963 ஜூனில் வினோனா ஊர்ச் சிறையில் அடித்த அடியில் அவர் சிறுநீரகம் பழுதாயிற்று, கண்ணும் கெட்டது. 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரதிநிதித்துவம் கேட்டுப் போனார்கள். இரண்டே இடம் தருவதாகச் சொன்னதை மறுத்துத் திரும்பினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஓய்வு என்று போனது கினிக்குத்தான். விமானத்தைக் கறுப்பர் ஓட்டுவதையும், வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் கறுப்பரே அமர்ந்து நடத்துவதையும் அங்கேதான் கண்டார். ஜனாதிபதி செகு டூரே அவர்கள் தங்கிய இடத்துக்கே வந்துவிட்டார் என்று சேதி வந்தபோது ஹேமர் குளித்துக்கொண்டிருந்தாராம். சொந்த நாட்டின் ஜனாதிபதியைப் பார்க்க நாயாய் அலைந்தும் முடியவில்லை. இங்கே நாட்டின் தலைவர் நம்மைத் தேடி வருகிறார் என்று நினைத்து அழுதார். உடம்பைக் கிடத்தினால் மட்டும் ஓய்வு ஆகாது, தோழர்களே. மானம் காயப்படாத இடத்தில் நாலு நாள் இருப்பதற்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இந்தப் பயணத்தைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போவது சரியில்லை. போனவர்கள் பதினொரு பேர். மிசிசிப்பியில் தங்கிய ஊழியர்கள் அதைப்போல் பல மடங்கு. பெயர் பெற்றவருக்குக் கொனாக்ரி, பெயர் தெரியாதவருக்கு அதே புழுதி ரோடு என்றுதான் ஆயிற்று. போய் வந்தவர்களுக்கும் அது ஒரு தடவைதான். பதினொருவரில் இன்னொருவரான ரூபி டோரிஸ் ஸ்மித் ராபின்சன் அந்த அமைப்பின் அலுவலகத்தைத் தாங்கியவர். எந்த ஊருக்கு எந்தக் கார் போக வேண்டும், யாருக்குச் சம்பளம் போகவில்லை, யாரை ஜாமீனில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மேசையில்தான் முடிவாகும். நம்மைப் போன்ற குமாஸ்தா வேலை. மேடையில் கைதட்டு வாங்காத வேலை. 1966-இல் அமைப்பின் செயலாளர் பொறுப்பு. வீட்டில் கைக்குழந்தை. 1967 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார், வயது 25. ஓயாத வேலையே அவரைக் கொன்றது என்று கூட இருந்த தோழர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நோய்க்குக் காரணம் அதுதான் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தோழருக்கு அப்படித் தோன்றியது ஏன் என்பது விளங்குகிறது. ஹேமர் அம்மையார் 1977-இல் 59 வயதில் போனார். களைத்துக் களைத்தே சலித்துவிட்டது என்ற பொருளில் அவர் சொன்ன சொல் அவர் கல்லறையில் பொறித்திருக்கிறது.

மார்ட்டின் லூதர் கிங் நோபல் பரிசுச் செய்தி கேட்டபோது எங்கே இருந்தார் தெரியுமா? 1964 அக்டோபரில் அட்லாண்டாவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஓய்வுக்காகச் சேர்க்கப்பட்டுப் படுத்திருந்தார். பரிசுப் பணம் சுமார் 54,000 டாலரையும் இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். தமக்கென்று ஒரு மாத விடுப்புக்கு எடுத்து வைத்திருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள். அதுதான் சிக்கல்.

கறுப்பின அமைப்பாளருக்கு மட்டும் இது ஏன் தனிப் பிரச்சினை, எல்லோரும்தானே உழைக்கிறோம் என்று கேட்கலாம். ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நிறவெறியின் அன்றாட இடி கறுப்பினப் பெண்களின் உடம்பை வயதுக்கு முன்பே தேயச் செய்கிறது, வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற மரத்தைப் போல என்பது அதன் சாரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் நமக்கு எதிரி வாசலோடு நின்றுவிடுகிறான். அவர்களுக்கு வீதியிலும் கடையிலும் போலீஸ் காரிலும் கூடவே வருகிறான். எரிக்கா கார்னரின் தந்தையை 2014 ஜூலையில் நியூயார்க் போலீஸார் கழுத்தை இறுக்கிக் கொன்றனர். மகள் அந்த இடத்திலேயே வாரம் இரண்டு தடவை ஆர்ப்பாட்டம் நடத்தினார். 2017 டிசம்பர் 30 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 27, இரண்டு பிள்ளைகளின் தாய்.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியார் வேலையில் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் மத்தியச் சட்டம் கிடையாது. மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டது. ஆண்டுக்கு 30 நாள் எல்.ஏ.பி. சேர்ந்துகொண்டே போகிற ரயில்வே ஊழியனுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். அங்கே ஓர் அமைப்பாளர் படுத்தால் அன்றைய கூலி போச்சு.

இதற்கு மாற்று தேடியவர்கள் உண்டு. 1989-இல் மொன்டானா மாநிலத்தில் ஒரு தம்பதி, களைத்த அமைப்பாளர்கள் வந்து தங்க என்று தங்கள் பண்ணையைத் திறந்துவிட்டார்கள். விண்ட்கால் என்று பெயர். வருகிறவரிடம் அறிக்கை, கட்டுரை என்று கேட்பதில்லை. 1997-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டர்ஃபி அறக்கட்டளை, தொண்டு அமைப்புகளின் தலைவர்களுக்குச் சம்பளத்தோடு மாதக்கணக்கில் விடுப்புத் தரத் தொடங்கியது. பின்னர் தெற்கு மாநிலங்களில் கேரா பேஜ் முதலானோர், காயம் ஆற்றுவதும் நீதிப் போராட்டத்தின் பகுதியே என்று சொல்லி, கறுப்பின மருத்துவர்களையும் நாட்டு வைத்தியம் தெரிந்தவர்களையும் அமைப்பாளர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

ஆனாலும் பெரிய அறக்கட்டளைகளின் வழக்கம் வேறு. எத்தனை கூட்டம், எத்தனை பேர், எத்தனை அறிக்கை என்று திட்டத்துக்குப் பணம் வரும். அந்தத் திட்டத்தை நடத்துகிற ஆள் உறங்குவதற்கு அதில் பத்தி இருக்காது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு மினசோட்டாவில் ஜாமீன் நிதி ஒன்றுக்குச் சில நாட்களில் 3 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. நல்ல காரியம். ஜாமீனுக்கும் கட்டுத் துணிக்கும் சவ அடக்கத்துக்கும் மனிதர் மனம் உருகிக் கொடுப்பார்கள். தூக்கத்துக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. ஆள் விழுந்த பிறகு கொடுப்பதே நமக்கெல்லாம் பழக்கம்.

இன்னொரு பக்கம், இந்த ஓய்வுப் பேச்சை வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். வாசனை மெழுகுவத்தி, குளியல் உப்பு, ஒரு நாள் யோகத்துக்கு இவ்வளவு டாலர் என்று விற்கிறார்கள். யோகத்தை நாம் இகழவில்லை. ரோசா பார்க்ஸே முதிய வயதில் யோகம் பழகினார். ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலையை அப்படியே வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து விடு என்று சொல்வது ஏமாற்று.

ரயில்வேயில் ரெஸ்ட் கிவர் என்று ஒரு பதவி உண்டு. வெளியாருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வார ஓய்வு எடுக்க வேண்டுமானால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார வேறொரு ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும். வண்டி நிற்காது, சிக்னல் காத்திருக்காது. ரோஸ்டரில் ஓய்வு என்று எழுதிவிட்டு ரெஸ்ட் கிவரை நியமிக்காவிட்டால் அந்த ஓய்வு காகிதத்தில்தான். கினிப் பயணத்தில் இல்லாதது அதுதான். போனவருக்கு டிக்கெட் கிடைத்தது. அவர் இடத்தில் நிற்கப் பயிற்சி பெற்ற ஆளும் அவருக்குக் கூலியும் கிடைக்கவில்லை. ஆகவே ஓய்வுக்குப் பணம் என்றால் அது இரண்டு செலவு: படுக்கிறவருக்கு ஒன்று, மாற்றி நிற்கிறவருக்கு ஒன்று. இரண்டாவதைச் சேர்க்காத எந்தத் திட்டமும் ஒரு தலைவருக்குக் கொடுக்கிற பரிசாகவே முடியும்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். நம் முழுநேர ஊழியர் இருவரும் ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கை, குடிசை இடிப்பு நோட்டீஸ், நள்ளிரவில் ஆஸ்பத்திரி என்று ஓடுவது எல்லோரும் பார்ப்பதுதான். யாராவது ஒரு புரவலர் மனமுவந்து கொடுப்பார் என்று பொருளாளர் அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். செயற்குழுவில் நாங்கள் அதை ஏற்கவில்லை. புரவலர் கொடுத்தால் அவர் கோபித்துக்கொள்ளும் நாளில் ஓய்வும் நின்றுவிடும். "எங்கிருந்தும் இல்லை" என்று சொல்லிக் காசைக் கொட்டிய அந்தப் பெண்கள் காட்டிய வழியே நமக்கு ஏற்றது: சந்தாவிலிருந்து, வெளிப்படையாக, வரவு செலவில் தனித் தலைப்பில்.

தீர்மானத்தின்படி உறுப்பினர் ஒருவருக்கு மாதம் கூடுதலாக ஐந்து ரூபாய். இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் விடுப்பு இல்லை. விடுப்பு மாதத்தில் முழுப் படி உண்டு, ஊருக்குப் போய்வர ரயில் கட்டணம் உண்டு, போய் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை. மாற்றாக நிற்கிறவருக்கு அதே படி. அவர் ஒரு மாதம் முன்பே வந்து வேலை பழக வேண்டும். மகளிர் மன்றம் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறது. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கித் தேநீர் போடுகிற அம்மாவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். ஐந்து ரூபாய் ஆறு ரூபாய் ஆகும். சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பொருளாளர் அண்ணாச்சி இன்னும் முடிவு சொல்லவில்லை.

மாற்றாக நிற்க முன்வருகிற இளைஞர்கள் பெயர் கொடுக்க வாசலில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறது. இதுவரை நாலு பெயர் எழுதியிருக்கிறார்கள். குறைந்தது ஆறு வேண்டும்.